சாப் யார் கையில இருக்கு, தம்பி?

வா தம்பி, உக்காரு. பசியாறிட்டியா? இல்லன்னா மொதல்ல ஒரு ரொட்டி சானாய் சொல்லு. வெறும் வயித்தில இந்தப் பேச்சுப் பேசினா பித்தம் தலைக்கு ஏறிடும்.

உன் சமாச்சாரம் எனக்குத் தெரியும். பேத்தி எல்லாத்தையும் சொல்லிட்டா. சைபர்ஜெயாவில வேலை பாக்கிறவளுக்கு வாய் சும்மா இருக்குமா? தமிழ்ல எழுத்துப்பிழை திருத்துற மென்பொருள் ஒண்ணு எழுதி வச்சிருக்க. ஊருக்கே இலவசம், நிரலும் திறந்து கெடக்கு. காசு வாங்காமக் குடுக்கிறவன் மேலதான் ஊருக்குச் சந்தேகம் ஜாஸ்தி, அதனால ஒவ்வொரு வெளியீட்டுக்கும் டிஜிட்டல் கையெழுத்துப் போட்டுத்தான் அனுப்பணும்னு முடிவு பண்ணியிருக்க. நல்ல பிள்ளை. ஆனா கையெழுத்துப் போடுற கருவி ஜி.பி.ஜி.யா, மினிசைனா, சிக்ஸ்டோரான்னு யோசிச்ச காலம், மென்பொருள் எழுதின காலத்தையும் தாண்டிருச்சாமே? சாவி எத்தனை பிட் இருக்கணும்னு நீ கைய ஆட்டி ஆட்டிப் பேசினத பேத்தி நடிச்சுக் காட்டினா. வீடே சிரிச்சுது. தப்பா எடுத்துக்காத.

எனக்கு என்ன தெரியும், நான் படிச்சவனா? காப்பார் பக்கம் கித்தாத் தோட்டத்தில பொறந்து, அங்கேயே ஆபீஸ் பையனா இருந்தவன். பெரிய கிராணி செக்ரோல் எழுதுவாரு. நான் சாப்புக்கு, அதான் ரப்பர் முத்திரைக்கு, மை தொட்டு வைப்பேன். அதுதான் என் படிப்பு. ஆனா சாப்பப் பத்தி ஒண்ணு கத்துக்கிட்டேன். இந்த நாட்டில கையெழுத்து கோணலா இருந்தாக்கூட காரியம் நடந்திரும்; சாப் இல்லன்னா நடக்காது. "சாப் எங்க? நாளைக்கு வாங்க"ன்னு திருப்பி அனுப்பாத கவுண்டர நீ பாத்திருக்கியா? அதே சாப்ப கிள்ளான்ல ஒரு கடையில போய், படத்தக் காட்டி, கொஞ்சம் வெள்ளியக் குடுத்தா அன்னைக்கே வெட்டிக் குடுத்திருவான். நீ யாரு, கம்பெனி உன்னுதான்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டான். அப்ப சாப்புக்கு மரியாதை எங்கிருந்து வருது? ரப்பர்லயா இருக்கு? பெரிய கிராணி அத எந்த டிராயர்ல பூட்டினாரு, சாவி யார் இடுப்பில இருந்துச்சு, தொலைஞ்சா அடுத்த நிமிஷம் யாருக்குச் சொல்லணும், இதில இருக்கு. உன் கம்ப்யூட்டர் கையெழுத்துக்கும் அவ்வளவுதான் தம்பி. மிச்சமெல்லாம் கணக்கு வாத்தியார் சமாச்சாரம்.

அந்தக் கணக்கையும் பேத்தி எனக்குச் சொல்லிக் குடுத்தா. ஜோடிச் சாவி. ஒண்ணு ரகசியம், உன்கிட்ட மட்டும். இன்னொண்ணு பொதுச் சாவி, ஊருக்கே காட்டலாம். ரகசியச் சாவியால உன் கோப்புக்கு ஒரு முத்திரை போடுற. பொதுச் சாவி வச்சிருக்கிற எவனும் அத ஒத்துப் பாக்கலாம். கோப்பில ஒரு புள்ளி மாறினாலும் ஒத்து வராது. ஒத்து வந்தா ரெண்டே ரெண்டு விசயம் தெரியும்: இந்தக் கோப்பு வழியில மாறல, அந்தச் சாவிய வச்சிருந்தவன் இதுக்கு முத்திரை போட்டான். வச்சிருந்தவன் நீயா, உள்ள இருக்கிறது நல்லதா, அதெல்லாம் அது சொல்லாது. நீங்க என்னடான்னா பச்சை நிற டிக் ஒண்ணப் பாத்ததும் கோயில் கோபுரத்தப் பாத்த மாதிரி கும்பிடுறீங்க.

"முத்திரை எதுக்கு, இணையப் பக்கத்தில செக்சம், அதான் கோப்ப ஒத்துப் பாக்கிற எண், போட்டாப் போதாதா"ன்னு உன் கூட்டாளி கேட்டானாம். அவன்கிட்ட லினக்ஸ் மிண்ட்ங்கிற இயங்குதளத்தோட கதையச் சொல்லு. 2016 பிப்ரவரி 20. அவங்க தளத்துக்குள்ள ஒருத்தன் பூந்து, இறக்கிக்கிற இணைப்ப மாத்தி, பின்வாசல் வச்ச ஐ.எஸ்.ஓ. கோப்புக்குத் திருப்பி விட்டுட்டான். கோப்ப மாத்தத் தெரிஞ்சவனுக்கு, அதே பக்கத்தில இருக்கிற செக்சத்த மாத்த எவ்வளவு நேரம் ஆகும்? ஒரே வீட்டில பெட்டியும் சாவியும் வச்சிட்டு, பூட்டு நல்ல பூட்டுன்னு பேசக் கூடாது.

இப்ப நம்ம ஊர் கதைக்கு வா. இங்க பக்கத்திலதான், செர்டாங்ல நடந்தது.

செர்டாங்ல மார்டி இருக்கு, தெரியுமில்ல? அரசாங்க வேளாண்மை ஆராய்ச்சி நிலையம். எம்.ஆர். 219 நெல்லு அங்க உண்டாக்கினதுதான். நெல்லும் பழமும்னு தானுண்டு தன் வேலையுண்டுன்னு இருந்த இடம். 2011 நவம்பர் நடுவில பின்லாந்து எஃப்-செக்யூர் கம்பெனிக்காரர் மிக்கோ ஹிப்போனன் ஒரு சேதிய வெளியிட்டாரு. ஒரு கள்ள மென்பொருள் சுத்திக்கிட்டிருக்கு, பி.டி.எஃப். கோப்புக்குள்ள பதுங்கி, அடோபி ரீடர் 8-ல இருந்த ஓட்டை வழியா உள்ள எறங்குது. இதில என்ன அதிசயம்? அதுக்கு முறையான டிஜிட்டல் கையெழுத்து இருந்துச்சு. கையெழுத்து யாருதுன்னு பாத்தா, "அன்ஜுங்நெட் டாட் மார்டி டாட் கவ் டாட் மை". கள்ளச் சரக்கு மேல அரசாங்க சாப்! கையெழுத்து இல்லாத மென்பொருள இணையத்தில இருந்து இறக்கி ஓட்டினா அந்தக் காலத்து விண்டோஸ் "ஜாக்கிரதை"ன்னு ஒரு வார்த்தை சொல்லும். சாப் இருக்கிறதப் பாத்தா "வாங்க, வாங்க"ன்னு வழி விட்டிரும். காவக்காரனே அதிகாரியோட சாப்பப் பாத்து சல்யூட் அடிச்ச கதை.

அதே மாசம் தொடக்கத்திலயே இன்னொரு கூத்து. அந்தச் சான்றிதழக் குடுத்தது நம்ம நாட்டு டிஜிசெர்ட் செண்டிரியான் பெர்ஹாட். அமெரிக்காவில அதே பேர்ல பெரிய கம்பெனி ஒண்ணு இருக்கு, அது வேற. "அது நாங்க இல்லைங்கோ"ன்னு அவங்க ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்ல வேண்டியதாப் போச்சு. நம்ம கம்பெனி 22 சான்றிதழ 512 பிட் சாவியில குடுத்திருந்துச்சு. இவங்களுக்கு மேல இருந்து ஜாமீன் நின்ன என்ட்ரஸ்ட் கம்பெனி இதச் சொன்னதும், மொசில்லா நவம்பர் 3-ஆம் தேதியே நம்பிக்கைப் பட்டியல்ல இருந்து தூக்கறோம்னு அறிவிச்சுது. மைக்ரோசாஃப்ட் 10-ஆம் தேதி. கூகுளும் கதவச் சாத்திருச்சு.

512 பிட்டுன்னா என்ன லேசுன்னு கேக்கிறியா? அந்த அளவு எண்ண 1999-லயே ஆராய்ச்சிக்காரங்க கூட்டமா உக்காந்து உடைச்சிட்டாங்க. 2009-ல ஒரே ஒரு ஆள், வீட்டுக் கம்ப்யூட்டர்ல, டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமெண்ட்ஸ் கால்குலேட்டரோட 512 பிட் சாவிய 73 நாள்ல உடைச்சான். கால்குலேட்டருக்கே பத்தாத சாவி 2011-ல அரசாங்கத்துக்குப் போதும்னு எவனோ நினைச்சிருக்கான் பாரு.

மார்டி சாவி "ரொம்ப நாளைக்கு முன்னாடியே திருடு போச்சு"ன்னு நம்ம அதிகாரிகள்கிட்ட இருந்து பதில் வந்ததா எஃப்-செக்யூர் எழுதுச்சு. அதே மாசம் நெதர்லாந்து ஃபாக்ஸ்-ஐ.டி. கம்பெனி வேற ஒண்ணு சொன்னது: இந்த மாதிரி கள்ள மென்பொருள் நிறைய வருது, எல்லாத்துக்கும் பின்னால 512 பிட் சான்றிதழ்தான் இருக்கு; திருடணும்னே அவசியமில்ல, சாவியக் கணக்குப் போட்டே உடைச்சிருக்காங்க. திருடினானோ, கடையில போய் அதே மாதிரி வெட்டிக்கிட்டானோ, சாப் ஒண்ணுதானே?

ஆனா தம்பி, கதையில எனக்குப் பிடிச்ச இடம் அது இல்ல. அந்தச் சான்றிதழ்கள்ல இன்னும் ரெண்டு விசயம் விட்டுப்போச்சு. ஒண்ணு, இது இணைய சர்வருக்கு மட்டும்தான், மென்பொருளுக்கு முத்திரை போட இல்லன்னு எழுதாம விட்டுட்டாங்க. லெட்டர்ல அடிக்க வேண்டிய சாப்ப செக்கிலயும் அடிக்கலாம்னு ஆயிருச்சு. இன்னொண்ணு, ரத்து பண்ணினா எங்க போய்ப் பாக்கணுங்கிற விலாசமே அதில கெடையாது. தொலைஞ்ச சாப்ப எந்த நோட்டீஸ் போர்டுலயும் ஒட்ட முடியாது. மார்டி சான்றிதழ் 2011 செப்டம்பர் கடைசியோட காலாவதி ஆச்சு. அதுதான் பெரிய பாதுகாப்பு!

இத்தனைக்கும் சட்டத்தில நாம பிந்தினவங்க இல்ல. மலேசியா டிஜிட்டல் கையெழுத்துச் சட்டம் 1997, அடுத்த வருசம் அக்டோபர் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. உலகத்தில பல நாடு தூங்கிக்கிட்டிருந்த காலம் அது. அந்தச் சட்டத்தில ஒரு வரி இருக்கு, பேத்தி படிச்சுக் காட்டினா: முறைப்படி போட்ட டிஜிட்டல் கையெழுத்து, கையால போட்ட கையெழுத்துக்கும், பெருவிரல் ரேகைக்கும், வேற எந்த அடையாளத்துக்கும் சமம். பெருவிரல் ரேகைன்னதும் எனக்கு எங்கப்பன் ஞாபகம் வந்திருச்சு. சம்பள நாள்ல பெரட்டுக் களத்தில வரிசையா நின்னு நீல மையில விரல அழுத்தினவங்கதான் எங்க சனம். அந்த ரேகைய உடைக்க 73 நாளும் பத்தாது, கணக்கும் பத்தாது. ஆனா எந்தத் தாள்ல அழுத்தறோம்னு அவங்களுக்குத் தெரியாது. அதுதான் கோளாறு.

நீ இப்ப என்ன சொல்லுவன்னு எனக்குத் தெரியும். "நான் 512-ஆ போடப் போறேன், 4096 போடுவேன் தாத்தா." போடு ராசா, யாரு வேண்டாம்னா? ஆனா அந்த 4096 எங்க இருக்கு? மடிக்கணினியில, டவுன்லோட்ஸ் ஃபோல்டர்ல, "நியூ-ஃபைனல்-2"ங்கிற பேர்ல இருக்கு. பாஸ்வேர்டு உன் பூனை பேரு. மடிக்கணினி நேத்து எங்க இருந்துச்சு? பிரிக்பீல்ட்ஸ் கடையில சார்ஜ்ல போட்டுட்டு நீ மொய் எழுதப் போயிட்ட. பெரிய கிராணி இருந்திருந்தா பிரம்பெடுத்திருப்பாரு. பணம் கட்டி வாங்கற மென்பொருள் முத்திரைச் சான்றிதழுக்கு 2023 ஜூன் 1-ல இருந்து ரகசியச் சாவி கட்டாயம் டோக்கன் மாதிரியான பாதுகாப்பு வன்பொருளுக்குள்ளதான் இருக்கணும்னு உலகமே விதி போட்டிருச்சு. ஏன்? கோப்பா இருந்தா எவனாவது நகல் எடுத்திடறான். உனக்கு யாரும் விதி போடல, அதனால நீயே போட்டுக்கணும்.

சரி, சாவிய நல்லா பூட்டிட்ட. ஆளே கள்ளனா இருந்தா? கோப்பச் சுருக்குற எக்ஸ்.இசட். மென்பொருளோட கதை மறந்து போச்சா? 2024. ஜியா டான்ங்கிற பேர்ல ஒருத்தன் 2021-ல இருந்து பொறுமையா, பணிவா, "அண்ணே உதவி பண்றேன்"னு வந்து சேர்ந்தான். அதத் தனியா கெடந்து பராமரிச்ச லாசே காலின் பாவம், களைச்சுப் போயிருந்தாரு. கடைசியில வெளியீடு பண்ற பொறுப்பு ஜியா டான் கைக்கு வந்தது. 5.6.0, 5.6.1 ரெண்டு வெளியீட்டிலயும் பின்வாசல் வச்சான். முறையா தன் சாவியில கையெழுத்தும் போட்டான். முத்திரை ஒத்துப் பாத்தவனுக்கெல்லாம் "சரி"ன்னுதான் வந்திருக்கும், ஏன்னா சரியாத்தானே இருந்துச்சு! கண்டுபிடிச்சது முத்திரை இல்ல. ஆண்ட்ரஸ் ஃப்ராயுண்ட்னு ஒருத்தர், எஸ்.எஸ்.எச்.-ல நுழைய அரை விநாடி கூடுதலா ஆகுதேன்னு நோண்டிப் பாத்து, மார்ச் 29-ஆம் தேதி ஊருக்குச் சொன்னாரு. அரை விநாடி! நம்ம ஆளுங்க கொமுட்டர் ரயில் அரை மணி லேட்டா வந்தாக்கூட தலை நிமிராம போனப் பாத்துக்கிட்டு நிப்பாங்க.

அந்தக் கதையில இன்னொரு சூட்சுமம். பின்வாசலத் திறக்கிற துண்டு கிட்ங்கிற நிரல் களஞ்சியத்தில இல்ல, வெளியீட்டு மூட்டையில மட்டும் இருந்துச்சு. எல்லாரும் கிட்-ல இருக்கிறதப் படிச்சாங்க, மூட்டைய எவனும் பிரிக்கல. அதனால நீ மூட்டைய உன் மடிக்கணினியில கட்டாத. யார் கட்டினாலும் பைட்டுக்கு பைட் ஒரே மூட்டை வர்ற மாதிரி வழி பண்ணு. அப்புறம் சாப் அடி.

இனி நீ யோசிச்சு வச்சிருக்கிற மூணு கருவியையும் மாப்பிள்ளை பாக்கிற மாதிரி பாப்போம்.

மொதல் மாப்பிள்ளை ஜி.பி.ஜி. பரம்பரைக்காரன். பில் சிம்மர்மன் 1991-ல பி.ஜி.பி. எழுதினாரு, வெர்னர் கோக் அதுக்குத் திறந்த நிரலா குனூ.பி.ஜி. எழுதி 1999-ல 1.0 வெளியிட்டாரு. டெபியன் லினக்ஸ்காரங்க இன்னும் இந்தப் பரம்பரைக் கையத்தான் பிடிச்சிருக்காங்க. இவனோட பழக்கம் என்னன்னா, ஆளுக்கு ஆள் நேர்ல பாத்து, ஐ.சி. காட்டி, சாவியோட கைரேகை எண்ண ஒத்துப் பாத்து, ஒருத்தர் சாவிக்கு இன்னொருத்தர் கையெழுத்துப் போடணும்.

இந்தக் கூத்த நான் பிரிக்பீல்ட்ஸ்ல கண்ணால பாத்தேன். துன் சம்பந்தன் சாலைப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடை. பேத்தியோட சிநேகிதங்க நாலு பேரு, ஆளுக்கு ஒரு துண்டுத்தாள், ஐ.சி.ய மேசை மேல பரப்பி வச்சிருக்காங்க. சீட்டாட்டமோன்னு நினைச்சேன். தாள்ல இருந்தது சாவியோட கைரேகை, 40 எழுத்து, நாலு நாலா பத்துக் கட்டு. எண்ணும் இருக்கும், ஏ-ல இருந்து எஃப் வரைக்கும் எழுத்தும் இருக்கும். ஒருத்தன் உரக்கப் படிக்கிறான்: "டீ... டீ... நாலு... சி." மத்தவங்க தாள்ல டிக் போடுறாங்க. கொஞ்ச நேரத்தில ராமநாதபுரத்துப் பையன், கடைக்கு வந்து மாசம் ஆகல போல, நாலு டீயக் கொண்டுவந்து டொக்குன்னு வச்சான். "நாலு டீ சொன்னீங்களேண்ணே?" தள்ள முடியுமா? குடிச்சிட்டு மறுபடி மொதல்ல இருந்து படிச்சாங்க. ஐ.சி. படத்தையும் மூஞ்சியையும் ஒத்துப் பாக்கிறப்ப ஒருத்தனுக்கு மூஞ்சி ஒத்து வரல. படம் எடுத்தப்ப தலையில முடி இருந்திருக்கு.

சிரிக்காத. அந்த 40 எழுத்தையும் முழுசாப் படிச்சாங்களே, அவங்க புத்திசாலிங்க. கடைசி எட்டு எழுத்து மட்டும் பாத்தாப் போதும்னு ஒரு காலத்தில வழக்கம் இருந்துச்சு. 2016-ல லினஸ் டோர்வால்ட்ஸ் பேர்லயே, கடைசி எட்டு எழுத்தும் அச்சா ஒத்துப்போற போலிச் சாவி, பொதுச் சாவிகளச் சேர்த்து வைக்கிற கீ-சர்வர்ல வந்து உக்காந்திருச்சு. அப்புறம் 2019 ஜூன்ல ராபர்ட் ஹேன்சன், டேனியல் கான் கில்மோர்னு ரெண்டு பேர் சாவி மேல எவனோ பல்லாயிரக் கணக்கில வெத்துக் கையெழுத்தக் கொட்டி, அந்தச் சாவிய இறக்கினாலே மென்பொருள் மூச்சு முட்டிப் படுக்கிற மாதிரி பண்ணிட்டான். அப்ப இருந்த கீ-சர்வரோ ஒரு தடவை வாங்கினத அழிக்காது. யாரு வேணும்னாலும் எழுதலாம், யாராலும் அழிக்க முடியாது. இப்படி ஒரு சுவத்த நம்ம ஊர்ல வச்சிருந்தா என்ன எழுதியிருப்பாங்கன்னு உனக்கே தெரியும்.

பைத்தான் ஆளுங்க என்ன பண்ணினாங்க? பை.பி.ஐ. களஞ்சியத்தில மூணு வருசமா வந்த ஜி.பி.ஜி. கையெழுத்த 2023 மே மாசம் எண்ணிப் பாத்தாங்க. 1069 சாவி. அதில கிட்டத்தட்ட 30 சதவீதம் பெரிய கீ-சர்வர் எதிலயும் கெடைக்கல. மொத்தத்தில உருப்படியா ஒத்துப் பாக்க முடிஞ்சது 36 சதவீதம்தான். "இனி வேண்டாம்"னு அதே மாசம் மூடிட்டாங்க. 2025 அக்டோபர்ல வந்த பைத்தான் 3.14-க்கு ஜி.பி.ஜி. கையெழுத்தே கெடையாது. இதில இருந்து உனக்கு ஒரு கேள்வி: இத்தனை வருசம் போட்ட கையெழுத்த யாராவது பாத்திருந்தா, சாவி இல்லன்னு ஒருத்தனாவது கத்தியிருக்க மாட்டானா? போடுறவன் பெருமைக்குப் போட்டான். வாங்கறவன் பிரிச்சே பாக்கல.

அதுக்காக ஜி.பி.ஜி.ய வீட்ட விட்டு விரட்டாத. டெபியன் பயனர் ஒவ்வொரு தடவை புது மென்பொருள் ஏத்துறப்பவும் ஏ.பி.டி.ங்கிற கருவி தானாவே முத்திரை பாக்குது. மனுசன் பாக்க மறந்தாலும் மிசின் மறக்காது. உன் மென்பொருள டெபியனுக்குள்ள கொண்டு போறவனுக்கும் உன் மூட்டை மேல ஜி.பி.ஜி. முத்திரை இருந்தா ஒத்துப் பாக்க வழி தயாரா இருக்கு. அந்த வீட்டுக்குள்ள போகணும்னா அந்த வீட்டுச் சாப்தான்.

ரெண்டாவது மாப்பிள்ளை மினிசைன். ஏழை வீட்டுப் பிள்ளை, ஒழுக்கமானவன். ஓப்பன்.பி.எஸ்.டி. இயங்குதளக்காரங்க 2014-ல வெளியிட்ட 5.5-க்குன்னு டெட் உனாங்ஸ்ட் எழுதின சிக்னிஃபைதான் அண்ணன். பொதுச் சாவிக் கோப்பத் திறந்து பாத்தேன், ரெண்டே வரி. ரெண்டாவது வரிதான் சாவி, 56 எழுத்து, ஒரு கார்டுக்குப் பின்னால எழுதிக் குடுத்திடலாம். மொதல் வரியில "இந்தக் குறிப்ப நம்பாத"ன்னு அதுவே சொல்லிருது. இவ்வளவு யோக்கியமா ஆரம்பிக்கிற கோப்ப நான் பாத்ததில்ல. ஓப்பன்.பி.எஸ்.டி. இன்னொரு நல்ல காரியமும் பண்ணுது: அடுத்த வெளியீட்டோட பொதுச் சாவிய இந்த வெளியீட்டுக்குள்ளயே வச்சு அனுப்பிடுது. சங்கிலி அறுந்து போகாது. குறை என்னன்னா, இவனுக்கு உறவுக்காரங்க இல்ல. சாவி தொலைஞ்சா ரத்துப் பண்ண முறை கெடையாது, நீயேதான் தெருத் தெருவாச் சொல்லணும்.

மூணாவது ஆளு சிக்ஸ்டோர். 2021-ல லினக்ஸ் பவுண்டேஷன் அறிவிச்ச திட்டம். பெரிய எடத்துப் பிள்ளை. சாவியே வேணாங்கிறான். நீ கூகுளோ கிட்ஹப்போ, ஒரு கணக்கில நுழைஞ்சு "நான்தான்"னு சொன்னா, பத்து நிமிசத்துக்கு மட்டும் செல்லுபடியாகிற ஒரு சான்றிதழ் குடுப்பான். முத்திரை போட்டதும் சாவியத் தூக்கி எறிஞ்சிரலாம். நீ போட்டது ஒரு பொதுப் பேரேட்டில பதிஞ்சிரும். பின்னால எவனும் அழிக்க முடியாது. குபர்நெடிஸ் 2022 மே மாசம் 1.24-ல இருந்து இவனத்தான் கட்டிக்கிச்சு. டவுன்லோட்ஸ் ஃபோல்டர்ல சாவிய வச்சுத் தொலைக்கிற உன்ன மாதிரிப் பிள்ளைகளுக்குத் தோதான ஆளு. ஆனா ரெண்டு விசயம் யோசி. உன் ஈமெயில் விலாசம் அந்தப் பேரேட்டில ஏறினா ஏறினதுதான். அப்புறம், சாப் உன் டிராயர்ல இல்ல, பெரிய வீட்டு டிராயர்ல இருக்கு. உன் கணக்க எவனாவது பிடிச்சிட்டா, இல்ல அவங்களே பூட்டிட்டா, நீ வாசல்லதான் நிக்கணும். மூட்டை கட்டுறது கிட்ஹப் மிசின்லன்னா, அந்த மிசினே "இந்த நிரல்ல இருந்து நான் கட்டினது"ன்னு சாட்சி சொல்ற வசதி இருக்கு பாரு, அது மட்டும் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. பை.பி.ஐ. 2024 நவம்பர்ல இருந்து அந்தச் சாட்சிய வாங்கி வச்சுக்குது.

எதக் கட்டிக்கிறதுன்னு கேப்ப. யாரு உன் மென்பொருள இறக்கப் போறாங்க, அவங்க கையில என்ன இருக்குன்னு மொதல்ல பாரு. உன் பயனர் காஜாங் தமிழ்ப்பள்ளி டீச்சர். அவங்ககிட்ட விண்டோஸ் கம்ப்யூட்டர். 40 எழுத்து கைரேகையக் குடுத்தா அவங்க அத சந்திப்பிழைக்குத்தான் திருத்துவாங்க. அவங்களுக்கு மிசின்தான் பாக்கணும். அதனால புதுப் பதிப்ப இறக்கிற வேலைய உன் மென்பொருளுக்குள்ளயே வச்சு, மினிசைன் பொதுச் சாவிய அதுக்குள்ளயே பதிச்சு, ஒத்து வரலன்னா ஏறாதுன்னு பண்ணிடு. மொத தடவை விண்டோஸ் போடுற சத்தம் உடனே நிக்காட்டியும், அதக் குறைக்கக் காசு கட்டின சான்றிதழ் உதவும். அது கையில வெள்ளி சேர்ந்தப்புறம் பாத்துக்கலாம். பைத்தான் நூலகப் பகுதிய பை.பி.ஐ.-ல போடுறப்ப கிட்ஹப் மிசின் சாட்சி. நாளைக்கு டெபியன்காரன் வந்து கேட்டா அன்னைக்கு ஜி.பி.ஜி. இன்னைக்கே மூணையும் கட்டிக்கிட்டு மூணுக்கும் சோறு போட உன்னால முடியாது.

என் தீர்ப்பு மினிசைன். இன்னைக்கு ராத்திரி சாவிய உண்டாக்கு. ரகசியச் சாவியோட நகல் ஒண்ண, பூனை பேர் இல்லாத பாஸ்வேர்டு போட்டு, தம்ப் டிரைவ்ல ஏத்தி கிள்ளான்ல உன் அம்மா நகைப் பெட்டியில வை. இன்னொரு ஜோடிச் சாவி உண்டாக்கி உன் கூட்டாளி கையில குடு, அவன் பொதுச் சாவியையும் மென்பொருளுக்குள்ள பதிச்சிரு; உனக்கு ஒண்ணுன்னா வேலை நிக்கக் கூடாது. பொதுச் சாவிய ஒரே எடத்தில வைக்காத. உன் தளத்தில ஒண்ணு, நிரல் களஞ்சியத்தில ஒண்ணு, தமிழ் வகுப்பில குடுக்கிற துண்டுத்தாள்ல ஒண்ணு. சாவி திருடு போனா என்ன சொல்லுவ, எங்க சொல்லுவங்கிற அறிவிப்ப இப்பவே எழுதி வை. திருடு போன அன்னைக்குக் கை நடுங்கும், எழுத்துப்பிழை வரும், உன் மென்பொருளுக்கே மானக்கேடு. அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள 1.0 வெளிய வரணும். வரலன்னா உன் அம்மாகிட்ட நான் பேசறேன்.